பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

ஆண்டு மலரில் போய் கம்ப்யூட்டர் கேமைப் பற்றி எழுத வந்துட்டானே என்று முகம் சுளிக்க வேண்டாம். விளையாடுவது சரியா, தப்பா என்பதல்ல என் பேச்சு. காசு சேர்த்துப் புது ராம் போடுகிறோம், புது கிராபிக்ஸ் கார்டு மாட்டுகிறோம். மறுநாளே கேம் பாதியில் 'டக்'கென்று நின்றுவிடுகிறது. அப்போது நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம். "கேம் சரியில்லலே, விண்டோஸை ஃபார்மட் அடி" என்கிறான் ஒருவன். அடித்த பிறகும் நின்றால், "போர்டு போச்சுலே, புதுசு வாங்கு" என்கிறான் இன்னொருவன். டிப்ளமோ படிக்கிறவன் பேசுகிற பேச்சா இது?

எங்கள் உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுகிற வீடுகளைப் பாருங்கள். பாகு பதம் வராமல் இழுத்தால் எங்கம்மா அடுப்பையா மாத்துவாள்? கலயத்தில் சுண்ணாம்பு குறைந்ததா, பதநீர் புளித்ததா, தீ அதிகமா என்று ஒவ்வொன்றாகத்தான் பார்ப்பாள். பள்ளிக்கூடம் போகாத அவளுக்கு இருக்கிற முறை, எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த எனக்கு இல்லையென்றால் நான் படித்து என்ன?

இதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒன்று உண்டு. இன்டெல் கம்பெனி 2022 அக்டோபரில் 13-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களையும், 2023 அக்டோபரில் 14-ஆம் தலைமுறையையும் வெளியிட்டது. வசதி உள்ளவர்கள் ஐ9-13900கே, ஐ9-14900கே என்று உச்ச ரகமாக வாங்கி மாட்டினார்கள். கொஞ்ச நாளில் அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்கள் தொடங்கும்போதே விழ ஆரம்பித்தன. திரையில் வந்த செய்தி என்ன தெரியுமா? வீடியோ மெமரி போதவில்லையாம்! 24 ஜி.பி. கார்டு வைத்திருந்தவனுக்கும் அதே செய்திதான். அப்புறம் என்ன, கார்டைச் சந்தேகப்பட்டார்கள், டிரைவரை மாற்றினார்கள், கேம் கம்பெனியைத் திட்டித் தீர்த்தார்கள்.

கார்டு ஒரு பாவமும் அறியாது. கேம் தொடங்கும்போது, சுருக்கி வைத்திருக்கும் தகவல்களை ப்ராசஸர்தான் விரித்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் அது தப்புச் செய்தது. தப்பான விடையை வாங்கிக்கொண்ட புரோகிராம், கடைசியில் தடுக்கி விழுந்த இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டது. விரிக்கிற மென்பொருளைச் செய்த ராட் கேம் டூல்ஸ்காரர்கள் 2024-இல் இதை விளக்கினார்கள். ப்ராசஸரின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் அதே கேம் ஓடியது, அதுதான் துப்பு! தேவைக்கு மேல் வோல்டேஜ் போயிருக்கிறது, அதற்கு மைக்ரோகோடும் காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. அந்த வோல்டேஜும் சூடும் சேர்ந்து உள்ளே இருக்கும் கிளாக் சர்க்யூட்டை நாளடைவில் தேய்த்திருக்கின்றன. ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற திருத்தம் பயாஸ் வழியாக வந்தது, செப்டம்பரில் இன்னொன்று. வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டினார்கள். ஏற்கெனவே தேய்ந்த சில்லுக்கு எந்த அப்டேட்டும் மருந்தில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும்.

உடனே "அப்போ எல்லாத்துக்கும் ப்ராசஸர்தான் காரணம்" என்று கிளம்பிவிடாதீர்கள். நேர் எதிரான கதையும் உண்டு. 1990-களில் டர்போ பாஸ்கலில் எழுதிய டாஸ் கேம்கள் பழைய மெஷினில் நன்றாக ஓடின. வேகமான பென்டியம் மெஷினுக்கு மாறியதும் 'ரன்டைம் எரர் 200' என்று செத்து விழுந்தன. பூஜ்யத்தால் வகுத்துவிட்டாய் என்று அர்த்தம். ஆனால் பூஜ்யத்தால் யாருமே வகுக்கவில்லை! ஒரு டைமர் துடிப்புக்குள், அதாவது சுமார் 55 மில்லி விநாடிக்குள், எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணி அதை 55-ஆல் வகுப்பது அந்தப் புரோகிராமின் வழக்கம். மெஷின் வேகமானதும் விடை 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. அங்கே ஹார்டுவேர் சுத்தம், எழுதியவன் கணக்குத்தான் சின்னது.

ஆகவே திரையில் வரும் செய்தி புகார் மனு மாதிரி. தீர்ப்பு அல்ல.

நம் ஊர் மெஷினுக்கு வேறு எதிரிகளும் இருக்கிறார்கள். ஆடிக் காற்றில் தேரி மணல் பறந்து வந்து ஃபேனில் செம்மண்ணாக அப்பிக்கொள்ளும். கடல் உப்புக் காற்று ராமின் தங்க நிறக் காலில் படலம் கட்டும். என் வகுப்பு நண்பன் ஒருவனிடம் ஒரு கடையில் "மதர்போர்டு அவுட்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஹாஸ்டல் சீனியர் அண்ணன் ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார். மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது! போர்டு வாங்கியிருந்தால் அவன் அப்பாவுக்கு எத்தனை மரம் ஏறின கூலி போயிருக்கும்?

நான் சொல்லும் வழி பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. புதுசை மாட்டியதும் பழசை விற்றுவிடாதே. இரண்டு வாரமாவது வை, திரும்ப மாட்டிப் பார்க்க அது வேண்டும். ஓவர்கிளாக், எக்ஸ்.எம்.பி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பயாஸை டீஃபால்ட்டில் வை. பழைய ராமும் புது ராமும் சேர்ந்து மாட்டியிருந்தால் தனித்தனியாகப் போட்டு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட விடு. கேம் மட்டும் விழுகிறதா, இல்லை மெஷினே அணைந்து எழும்புகிறதா என்று கவனி. மெஷினே அணைந்தால் முதலில் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பார். புது கார்டு கேட்கிற கரண்டை பழைய மலிவு எஸ்.எம்.பி.எஸ். கொடுக்க முடியாமல் திணறும். விண்டோஸ் ஈவண்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருந்தால், ஒழுங்காக அணையவில்லை என்றுதான் அர்த்தம். ஏன் என்று அது சொல்லாது. 'வீயா லாகர்' என்ற பெயரில் பிழை பதிந்திருந்தால் ஹார்டுவேர் பக்கம் திரும்பு.

நம் லேபில் மெஷினை அசெம்பிள் பண்ணச் சொல்லித் தருகிறார்கள், மார்க்கும் போடுகிறார்கள். வேண்டுமென்றே கோளாறு வைத்த மெஷின் ஒன்றைக் கொடுத்து "கண்டுபிடி" என்று ஏன் பரீட்சை வைக்கக் கூடாது? நாளைக்கு வேலையில் நம் முன்னால் வந்து நிற்கப்போவது அந்த மெஷின்தானே! ஆசிரியப் பெருமக்கள் இதை யோசிக்க வேண்டும்.

யூனியனுக்கும் ஒரு வேண்டுகோள். மலர் அச்சிட்டு மிஞ்சும் பணத்தில் நன்றாக ஓடுகிற எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, டி.டி.ஆர்.4 ராம் ஒன்று, பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கி யூனியன் அறையில் வையுங்கள். கூடவே ஒரு நோட்டு. எடுத்துப் போகிறவன் கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும், மூன்று நாளில் திருப்பித் தரட்டும். என்ன கோளாறு, எதை மாற்றியதும் சரியானது என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் போகட்டும்.