இலண்டன் மாநகரின் திறந்த வாயில்கள்

தலைநகர் ஒன்றைக் காணச் செல்வோர் தம் பணப்பையை அடிக்கடி அவிழ்க்க வேண்டியிருத்தல் உலகியல்பு. தங்குதற்கும் உண்பதற்கும் ஊர்தி ஏறுதற்கும் பொருள் வேண்டும். இலண்டன் மாநகரமோ இவ்வகையில் பெருஞ்செலவு வைக்கும் ஊர்களுள் ஒன்று. ஆயினும் அந்நகரில் ஒரு வியப்பு உண்டு. உலகின் அரும்பொருள்கள் எண்ணிறந்தனவற்றைத் தன்னகத்தே கொண்ட பிரித்தானிய அருங்காட்சியகத்தின் வாயிலில் எவரும் நம்மிடம் நுழைவுக் கட்டணம் கேட்பதில்லை. டிரபால்கர் சதுக்கத்தில் உள்ள தேசிய ஓவியக்கூடம், தென் கென்சிங்டன் பகுதியில் அருகருகே அமைந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், தேம்சு ஆற்றங்கரையில் பழைய மின்னாக்க நிலையத்தினுள் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டேட் மாடர்ன் கலைக்கூடம் ஆகியவற்றிலும் நிலையான காட்சிகளைக் கட்டணமின்றிக் காணலாம். சிறப்புக் கண்காட்சிகள் சிலவற்றிற்கு மட்டுமே சீட்டு வாங்குதல் வேண்டும்.

இவையேயன்றி, பரந்த பூங்காக்களில் உலாவுதற்கும், அரண்மனைக் காவலர் அணிமாறும் காட்சியைக் காண்பதற்கும், பாராளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து உறுப்பினர்தம் சொற்போரைக் கேட்பதற்கும் கட்டணம் இல்லை. எல்லா வாயில்களும் அவ்வாறே என எண்ணிவிடற்க. இலண்டன் கோட்டையைக் காணச் சீட்டு உண்டு. வெசுட்மினிஸ்டர்ப் பெருங்கோயிலைச் சுற்றிப் பார்ப்பதற்கும் பணம் கொடுத்தல் வேண்டும். வழிபாட்டிற்கு வருவோரிடம் மட்டும் அக்கோயிலார் எதுவும் பெறுவதில்லை.

‘இலவசம்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் முகஞ்சுளிப்பார் நம்முள் பலர் உளர். விலையில்லாப் பொருளுக்கு மதிப்பில்லை என்பது அவர்தம் கருத்து. அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. அருங்காட்சியகத்தின் கட்டணமில்லா வாயிலை ஏழைக்கு இடும் பிச்சையாகவோ, சுற்றுலாப் பயணிக்குக் காட்டும் சலுகையாகவோ கருதுவது பிழை. அதன் பயன் வேறு. அது யாதெனக் கூறுமுன், அவ்வாயில் எவ்வாறு திறந்தது என்பதனை அறிதல் நலம்.

சர் ஹான்ஸ் சுலோன் என்பார் இலண்டனில் வாழ்ந்த புகழ்பெற்ற மருத்துவர். அவர் தம் வாழ்நாளில் நூல்கள், நாணயங்கள், செடிகொடிகள், தொல்பொருள்கள் எனத் திரட்டியவை 71,000-க்கும் மேற்பட்டவை. அவர் செல்வத்தில் ஒரு பகுதி சமைக்காத் தீவில் அடிமைகளைக் கொண்டு நடத்தப்பெற்ற கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது என்பதையும் மறைத்தல் கூடாது. 1753-இல் அவர் இறந்தபோது, தம் மக்களுக்கு 20,000 பவுன் கொடுத்துத் தொகுப்பு முழுவதையும் நாடு ஏற்றுக்கொள்ளலாம் என எழுதிவைத்திருந்தார். அரசின் கருவூலத்தில் அதற்குப் பணம் இல்லை. பாராளுமன்றத்தார் பரிசுச்சீட்டு நடத்திப் பொருள் திரட்டினர். வள்ளுவர் கடிந்த சூதின் உறவுடைய வழியில் வந்த பணம் கலைமகளுக்கு மாளிகை வாங்கித் தந்தது ஒரு வேடிக்கையே. 1759-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள் அம்மாளிகையின் கதவு பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. கட்டணம் இல்லை என்பது அன்றே வகுத்த விதி.

ஆயினும், மாணவர்களே, கட்டணம் இல்லை என்பதனால் மட்டும் ஒரு கதவு திறந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. அந்நாளில் உள்ளே செல்ல விரும்பியவர் தம் பெயர், நிலை, இருப்பிடம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து விண்ணப்பித்தல் வேண்டும். அது ஆராயப்பெற்றுச் சீட்டு வரும்வரை பல நாள் காத்திருத்தல் வேண்டும். சீட்டு வந்தபின்னரும் சிறு குழுவாகவே உள்ளே விடுவர். வழிகாட்டுவோர் நடந்த வேகத்தில் பின்தொடர வேண்டுமேயன்றி நின்று பார்த்தல் இயலாது. 1784-இல் பர்மிங்காம் நகரத்து வில்லியம் ஹட்டன் என்னும் நூல்வாணிகர் அங்குச் சென்றார். விலையில்லாச் சீட்டை வைத்திருந்த ஒருவனுக்கு ஏறத்தாழ இரண்டு சில்லிங் கொடுத்து அதனைப் பெற்றார். உள்ளே, இது யாது, அது யாது எனக் கேட்ட அவருக்கு வழிகாட்டியிடமிருந்து கடுமொழியே விடையாகக் கிடைத்தது. அரைமணி அளவில் மாளிகை முழுவதும் சுற்றி முடிந்தது. மிக்க ஆவலுடன் சென்றவர் ஏமாற்றத்துடன் வெளிவந்தார். இச்செய்தியை அவரே எழுதிவைத்துள்ளார். அரசு விலை வைக்காத சீட்டுக்குத் தெருவில் விலை இருந்தது என்பதனை இங்குக் கருதுக.

இத்தடைகள் ஒவ்வொன்றாகவே நீங்கின. விடுமுறை நாள்களில் திறத்தல் வேண்டும் என்று 1835-ஆம் ஆண்டளவில் பாராளுமன்றக் குழுவினர் வினவியபோது, அருங்காட்சியகத்தின் தலைமை நூலகர் ஹென்றி எல்லிஸ் அதற்கு இசைந்திலர். கப்பல் துறைகளிலிருந்து மாலுமிகள் வந்து கூடுவர், உயர்குடியினர் அவரோடு கலந்து நிற்க விரும்பார் என்பது அவர் சொன்ன காரணம். எனினும் 1837-இல் ஈசுட்டர் விழாவை ஒட்டிய திங்கட்கிழமையன்று கதவு திறக்கப்பெற்றது. அன்று ஒரு நாளில் 20,000-க்கு மேற்பட்டோர் வந்து சென்றனர். எல்லிஸ் அஞ்சியவாறு கேடு எதுவும் நிகழ்ந்திலது. எளியவர் கூடினால் அரும்பொருள் அழிந்துபடும் என்னும் அச்சம் பெரும்பாலும் எளியவரோடு பழகாதவரிடமே பிறக்கின்றது.

தேசிய ஓவியக்கூடத்தின் வரலாறும் இத்தகையதே. 1824-இல் ஆங்கர்ஸ்டைன் என்னும் வணிகரின் 38 ஓவியங்களை 57,000 பவுனுக்கு அரசு வாங்கியது. அவற்றுக்கு உரிய கட்டடம் 1838-இல் டிரபால்கர் சதுக்கத்தில் அமைந்தது. மேற்கே வாழும் செல்வர் வண்டியில் வரவும், கிழக்கே வாழும் ஏழையர் நடந்து வரவும் ஏற்ற நடுவிடம் அது. பின்னர் ஒரு சிக்கல் தோன்றியது. இலண்டனின் நிலக்கரிப் புகையால் ஓவியங்கள் கெடுகின்றன, ஆதலின் அவற்றைப் புறநகர்க்கு மாற்றுக என்றனர் சிலர். 1857-இல் அதனை ஆராய்ந்தபோது நீதிபதி கோல்ரிட்ஜ் ஒரு கருத்தை எழுதினார். ஓவியத்தைக் காத்தல் முடிந்த முடிபன்று. மக்களுக்கு உயர்ந்த இன்பத்தைத் தருதற்கு அது ஒரு கருவியே. ஆகலின் மக்கள் எளிதில் வந்து காணும் இடத்திலேயே அது இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். ஓவியங்கள் நகரின் நடுவிலேயே நின்றன. அதே 1857-இல் தென் கென்சிங்டனில் தொடங்கிய அருங்காட்சியகத்தில், பகலெல்லாம் உழைக்கும் தொழிலாளர் மாலையில் வந்து காணும்பொருட்டு வாயுவிளக்கு ஏற்றிவைத்தனர். கதவைத் திறந்துவைப்பதோடு, உழைப்பவன் ஓய்ந்திருக்கும் நேரத்தில் திறந்துவைத்தலும் வேண்டும் என அவர் உணர்ந்தது பாராட்டற்குரியது.

நம் காலத்திலும் இவ்வாயில்களுக்கு இடையூறு நேர்ந்தது. 1974-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசு நுழைவுக் கட்டணம் விதித்தது; ஆட்சி மாறியதும் மூன்று திங்களில் அது நீங்கியது. 1987-இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும், அதனையடுத்து அறிவியல் அருங்காட்சியகமும் கட்டணம் பெறத் தொடங்கின. வருவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. பிரித்தானிய அருங்காட்சியகமும் தேசிய ஓவியக்கூடமும் அவ்வழி செல்லாது நின்றன. அவற்றிற்கு நேர்ந்த இழப்பு ஒன்று உண்டு. கட்டணம் பெறும் நிறுவனம், தான் வாங்கும் பொருள்களுக்குச் செலுத்திய மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம். கட்டணம் பெறாத நிறுவனம் வணிகம் செய்யாதது எனக் கருதப்பட்டமையால் அவ்வரியைத் திரும்பப் பெற இயலாது. அறத்திற்குத் தண்டம் விதித்தது போன்ற இம்முறையை 2001-இல் சட்டத்தால் திருத்தினர். முதலில் 1999-இல் சிறுவர்க்கும், 2000-இல் என் போன்ற அறுபது கடந்தோர்க்கும், 2001-ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாளிலிருந்து அனைவர்க்கும் கட்டணம் நீக்கப்பெற்றது. அதன்பின் பத்தாண்டுகளில், முன்பு கட்டணம் பெற்ற அருங்காட்சியகங்களுக்கு வருவோர் தொகை இரு மடங்கினும் மிகுந்தது.

‘சிறிய கட்டணந்தானே, அதனைக் கொடுக்க இயலாதவர்க்கு மட்டும் விலக்களித்தால் போதாதோ?’ என்று கேட்பர். நான் ஆசிரியனாயிருந்த காலத்தில் ஒருமுறை மாணவர்களை ஒரு நகரத்துக் காட்சிச்சாலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கட்டணம் சிறிதே. ஆயினும் மாணவர் இருவர், தமக்குத் தலைவலி என்று சொல்லி வெளியே புளியமரத்தடியில் அமர்ந்துகொண்டனர். அவர்க்குரியதை நான் கொடுப்பதாகச் சொல்லியும் உள்ளே வர இசைந்திலர். இல்லை என்று பலரறியச் சொல்வதினும் தலைவலி என்பது அவர்க்கு எளிதாயிற்று. விலக்கு வேண்டுவோன் வாயிலில் நின்று தன் வறுமையை மெய்ப்பித்தாக வேண்டும். யாவர்க்கும் கட்டணம் இல்லாதபோது எவனும் எதனையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. பணம் கொடுத்து நுழைந்தவன் கொடுத்த பணத்திற்கு ஈடாக எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முயல்கின்றான். அறை அறையாக ஓடுகின்றான். மாலையில் கால்வலி மட்டும் எஞ்சுகின்றது. பன்னூறாண்டுத் தவத்தில் விளைந்த கைவினைகளை அவ்வாறு காணுதல், ஒரு நூலகத்தை ஒரு பகலில் படித்து முடித்தல் போலாம். கட்டணமில்லா வாயிலில் நுழைபவனோ ஒரே பொருளைக் கண்டு திரும்பலாம். 1799-இல் எகிப்தில் கிடைத்து 1802 முதல் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள ரொசெட்டாக் கல்லில் ஓர் அரசாணை மூவகை எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. மறைந்துபோன எகிப்திய எழுத்தை அறிஞர் படித்தறியத் துணைசெய்த கல் அது. கல்வெட்டில் நாட்டமுடைய ஒருவன் கால்மணி நேரம் அதனை மட்டும் நோக்கிவிட்டுப் போகலாம். ஐயம் எழுந்தால் மறுநாளும் வரலாம். கல்வி என்பது மீண்டும் மீண்டும் வருதலால் அமைவது. யான் கட்டணத்தை வெறுப்பது அது பணம் என்பதற்காக அன்று. மீண்டும் வருதலைத் தடுக்கின்றது என்பதற்காகவே.

அண்மை ஆண்டுகளில், நாட்டு மக்களுக்குக் கட்டணம் வேண்டா, வெளிநாட்டாரிடம் மட்டும் பெறுக என்னும் பேச்சு அங்கு எழுந்துள்ளது. வரி கொடுப்பவர் பிரித்தானியர், கண்டு மகிழ்பவர் பிறர் என்னும் மனக்குறை அதன் வேர். அக்குறை முற்றிலும் நியாயமற்றதன்று. கூரை ஒழுகாமல் காப்பதற்கும் காவலர்க்கு ஊதியம் தருதற்கும் யாரேனும் பணம் கொடுத்தாக வேண்டும். ஆனால் நடைமுறையை நோக்குக. அந்நாட்டினர் அடையாளச் சீட்டுடன் நடமாடும் வழக்கமுடையவரல்லர். யார் உள்நாட்டார், யார் அயலார் என்று வாயிலில் வினவத் தொடங்கினால் அனைவரும் வரிசையில் நின்று சான்று காட்ட வேண்டிவரும். ஹட்டன் காலத்து விண்ணப்பம் வேறு உருவில் மீண்டு வரும்.

மற்றொன்று, அப்பொருள்களின் பிறப்பிடம். ஆந்திர நாட்டு அமராவதியில் கிருட்டிணை ஆற்றங்கரையில் இருந்த பௌத்தத் தூபியின் சிற்பங்களை 1845-இல் வால்டர் எலியட் என்னும் அதிகாரி அகழ்ந்தெடுத்தார். அவை சென்னைக்கு வந்து, பலகாலம் வெயிலிலும் மழையிலும் கிடந்து, 1859-இல் கப்பலேறி இலண்டன் சென்றன. அத்தூபியின் வேறு பல சிற்பங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பாடம் செய்யப்பட்ட விலங்குகளைக் கண்ட நம் பாமரர் ‘செத்த காலேசு’ என்று செல்லப் பெயரிட்டு அழைத்த இடம் அதுவே. ஒரு தூபியின் சிற்பங்கள் இரு நகரங்களில் பிரிந்து நிற்கின்றன. கிருட்டிணை ஆற்றங்கரையிலிருந்து ஒருவர் இலண்டன் சென்று, தம் முன்னோர் செதுக்கிய பளிங்கைக் காண விழையும்போது, ‘நீர் அயலார், பணம் எடும்’ என்று சொல்ல எந்நாவும் கூசும். அப்பொருள்கள் எங்கு இருத்தல் முறை என்பது வேறு வழக்கு. அது தீரும்வரையேனும் கதவு திறந்திருத்தல் குறைந்த அளவு நேர்மை.

ஒரே பொருளைக் காண்பதன் அருமையை இலண்டன் மக்கள் இடுக்கண் வந்த காலத்து அறிந்தனர். இரண்டாம் உலகப்போரில் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்கள் அனைத்தையும் நகரை விட்டு அகற்றி, இறுதியில் வேல்சு நாட்டு மலையொன்றின் பலகைக்கல் சுரங்கத்துள் வைத்துக் காத்தனர். கூடத்தின் சுவர்கள் வெறுமையாயின; கட்டடத்தின் மீதும் குண்டுகள் வீழ்ந்தன. அந்நிலையில், நகரத்தின் முகம் வடுப்பட்டிருக்கும் இந்நாளில்தான் அழகைக் காணும் வேட்கை மிகுகின்றது, ஓர் ஓவியத்தையேனும் காட்டுக என்று பொதுமக்களிடமிருந்து வேண்டுகோள் எழுந்தது. 1942 முதல் திங்கள்தோறும் ஓர் ஓவியத்தைச் சுரங்கத்திலிருந்து கொணர்ந்து வைத்தனர். முதலில் வந்தது, உயிர்த்தெழுந்த இயேசுபிரானை மகதலேனா மரியாள் காணும் காட்சியைத் திசியன் தீட்டிய படம். குண்டுவீச்சுக்கு அஞ்சிய அந்நகரத்து மக்கள், அலுவலிலிருந்து கிடைத்த சிறு இடைவேளையில் வந்து, அவ்வொரு படத்தின் முன் சற்று நின்று, தத்தம் பணிக்கு மீண்டனர்.