மாமியார் வைத்துவிட்டுப் போன டப்பா

போன இதழில் வடகம் பற்றி எழுதியதற்கு நிறையச் சகோதரிகள் கடிதம் போட்டிருந்தீர்கள். மழையில் வடகம் காயப் போடுவது எப்படி என்று கேட்டவர்களுக்கு அடுத்த முறை பதில் சொல்கிறேன். இப்போது ஒரு டப்பாவின் கதையைக் கேளுங்கள்.

என் மாமியாரின் வருஷ திவசம் முடிந்த கையோடு பரணை ஒழித்தோம். ஓட்டை அண்டா, கைப்பிடி போன இட்லிப் பானை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. தூக்கினால் அம்மிக்கல் மாதிரி கனம். திறந்தால்... காசு! ஓட்டைக் காலணா, விளிம்பு வளைந்து வளைந்து பூப் போல இருக்கும் ஒரு அணா, சதுரமான இரண்டணா, அலுமினியப் பைசா, அடியில் துணியில் முடிந்து ஏழு ரூபாய்க் காசுகள். எண்ணிப் பார்த்தோம், மொத்தம் 214.

"எடைக்குப் போட்டுவிடு" என்றார் இவர். நாத்தனாரோ, "அண்ணி, அவசரப்படாதீங்க. இந்த மாதிரி ஒரு காசே லட்சத்துக்குப் போகுதாம்" என்று சொல்லி, எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போனாள்.

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். காசுகளை விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், கறுத்துப் போய் இப்படியா கொண்டுபோவது என்று, செம்புக் காசுகளில் 32-ஐப் பொறுக்கிப் புளியும் உப்பும் போட்டு நன்றாகத் தேய்த்தேன். கார்த்திகைக்குத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று ஆகிவிட்டன. எனக்கு ஒரே பெருமை!

இவருடன் வேலை பார்த்து ரிடையர் ஆன ஒருவர் ரொம்ப வருஷமாக நாணயம் சேர்க்கிறார். அவர் வீட்டுக்குக் கொண்டு போனோம். பூதக்கண்ணாடியை எடுத்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, யார் இந்தக் காரியம் பண்ணினது?" என்றாரே பார்க்கணும். எனக்கு முகம் சுண்டிப் போய்விட்டது.

அந்தக் கறுப்பு அழுக்கே இல்லையாம். செம்பு காற்றோடு சேர்ந்து வருஷக்கணக்கில் தானாக ஏறிய போர்வையாம். அதைத் தேய்த்து எடுத்தால் அச்சின் மெல்லிய கோடுகளும் கூடவே போய்விடும். சேகரிப்பவர்கள் தேய்த்த காசைப் பார்த்த உடனே விலையைக் குறைத்துவிடுவார்கள். ஆகவே, உங்கள் வீட்டில் பழைய காசு இருந்தால் புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் வேண்டாம். விளிம்பைப் பிடித்து எடுத்து, தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து வையுங்கள். மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளில் சில வகை நாளடைவில் காசில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கிவிடுமாம்.

அப்புறம் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டேன். பழசு என்றாலே விலை என்பது தப்பாம். 1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட காலணாவும், நடுவில் ஓட்டை போட்ட 1943 முதல் 1947 வரையிலான காலணாவும் ஏராளமாக அடித்து விட்டவை. தேய்ந்து போனது என்றால் ஒரு நாள் கறிகாய்ச் செலவுக்கு ஆகும், அவ்வளவுதான். ஒரே வருஷத்துக் காசாக இருந்தாலும் எந்த ஊரில் அடித்தது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து விலை மாறும். ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில் ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று ஜனங்கள் முணுமுணுத்து, படத்தையே மாற்றினார்களாம். அந்த ரூபாய்க்குக் கிராக்கி உண்டு. எங்களுடையது 1918!

ரூபாய்க் காசு வெள்ளியா என்று பார்க்க ஒரு சுலபமான வழி. எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் பொம்மைக் காந்தத்தை வைத்துப் பார்த்தோம். ஏழில் இரண்டு ஒட்டிக்கொண்டன. இரண்டும் புலி போட்ட 1947 ரூபாய், சுத்த நிக்கல். ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று நினைத்துவிடாதீர்கள், செம்பு கலந்த நிக்கலும் ஒட்டாது. வருஷத்தையும் எடையையும் பார்க்க வேண்டும். வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. பாட்டிமார்கள் மருந்துக்கு "ஒரு ரூபாய் எடை" என்பார்களே, அந்த ரூபாய்தான். 1939 வரை வந்தவற்றில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி. எங்களிடம் 1862, 1907, 1918 ஆக மூன்று பழையவை, 1944-ல் இரண்டு. கூட்டிப் பார்த்தால் சுமார் 43 கிராம் சுத்த வெள்ளி. லேசாக ஒரு ஜோடி கொலுசு! நகைக்கடையில் உருக்கும் விலைதான் தருவார்கள், அதிலும் கழிவு போகும். நாணயமாக விற்றால் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்றார்.

ராமர் பட்டாபிஷேகம் போட்டு, 1818, அரை அணா என்று அச்சிட்ட செப்புக் காசு ஒன்றும் இருந்தது. நாத்தனார் மலை போல நம்பியிருந்தது இதைத்தான். கம்பெனி அப்படி ஓர் அரை அணா அடிக்கவே இல்லையாம்! இப்படிப்பட்ட காசுகளைக் காட்டித்தான் அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று ஊரை ஏமாற்றுகிறார்கள். "பூஜையில வைங்கம்மா, விலைக்கு வைக்காதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, நாத்தனாரிடமிருந்து போன். "அண்ணி, 14,000 ரூபாய் கைமாத்தா வேணும். அண்ணன்கிட்ட சொல்லாதீங்க." குரலே சரியில்லை. என்னவென்று கேட்டால், அவள் போட்ட படத்தைப் பார்த்து யாரோ போன் செய்து, ராமர் காசுக்கு ஆறு லட்சம் என்றிருக்கிறான். பதிவுக் கட்டணம் என்று 2,850 வாங்கிக்கொண்டு, இப்போது ரிசர்வ் வங்கிக்கு வரி கட்ட 14,000 கேட்கிறான். அவள் அனுப்பிய 2,850, பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வைத்த பணம். எனக்கு வயிறு பகீர் என்றது.

பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை, கமிஷனோ கட்டணமோ தான் யாரிடமும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது. இதைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் விசும்பல். "திட்டாதீங்க அண்ணி." எதற்குத் திட்டுவது? புளி போட்டுத் தேய்த்தவள் நான்! உடனே 1930-க்குப் போன் போட்டுப் புகார் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தாள். பணம் இன்னும் வரவில்லை.

இவரிடம் நானே சொன்னேன். ஒரு மணி நேரம் குதித்தார். பிறகு தானாகவே, "வெள்ளியை அவளுக்கே கொடுத்துடு. அம்மா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பா" என்றார். ஐந்தையும் ரிடையர் ஆனவர் மூலமாக விற்று நாத்தனாரிடம் கொடுத்தோம். போன 2,850-ஐ ஈடு கட்டி மேலேயும் இருந்தது. ஃபீஸுக்கு இன்னும் துண்டு விழுந்ததை என் சீட்டுப் பணத்தில் சேர்த்துவிட்டேன்.

டப்பாவில் மஞ்சள் துணியில் தனியே முடிந்த இன்னொரு மூட்டையும் இருந்தது. தாமரை போட்ட இருபது பைசா, 1968 முதல் 1971 வரை வந்ததே, அதுதான். தங்கம் கலந்தது என்று அந்த நாளில் எல்லோரும் பதுக்கினார்கள். தங்கமாவது, மண்ணாவது! லக்ஷ்மி பூஜைக்கு 108 சேர்ப்பவர்களும் உண்டு. அத்தையின் மூட்டையில் 46 இருந்தன. ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. முடிச்சை அவிழ்த்தது போலவே திரும்பக் கட்டி என் பீரோவில் வைத்திருக்கிறேன்.

புளி போட்ட 32-ம் என் அக்கா பேத்திக்குப் போய்விட்டன. பல்லாங்குழிக்குச் சோழி குறைகிறது என்றாள்.