படுத்து விடும் எந்திரம்! குற்றவாளி யார்?

பிட்காயின் 2009-ம் ஆண்டில் பிறந்த காசு. கையில் தொட முடியாது; கணக்கில் மட்டும் இருக்கும். அதற்குத் தம்பிகள் பல பேர். ஒரு தம்பியின் பெயர் எதீரியம்.

இந்தக் காசை, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சம்பாதிக்கிறது. ஆறு, எட்டு கிராபிக்ஸ் கார்டுகளை ஒரே எந்திரத்தில் மாட்டி, இரவும் பகலும் ஓட்டுவார்கள். எதீரியத்துக்கு இந்த வேலை 2022 செப்டம்பர் 15-ந் தேதியோடு முடிந்தது. எதீரியம் கிளாசிக் போன்ற சில காசுகளுக்கு இன்னும் நடக்கிறது.

நன்றாக ஓடும் எந்திரம் நள்ளிரவில் திடீர் என்று நின்று விடும். ஏன்?

"கார்டு கெட்டு விட்டது" என்று உடனே முடிவு கட்டி விடுகிறார்கள். பல சமயம் கெட்டிருப்பது கார்டு அல்ல. ஆசைதான் காரணம்! கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் கார்டை விரட்டுகிறார்கள். விரட்டிய கார்டு தப்புக் கணக்குப் போடும்; பிறகு படுத்து விடும். தப்புக் கணக்குக்குக் காசு கிடையாது. மின்சாரக் கட்டணம் மட்டும் உண்டு! வேகத்தைக் குறைத்துப் பார்ப்பதே முதல் வைத்தியம்.

கருகும் பிளக்

இன்னொரு குற்றவாளி, பிளக். ஒவ்வொரு கார்டும் "ரைசர்" என்ற சிறு பலகையில் உட்காருகிறது. ரைசர் வழியாகக் கார்டு 75 வாட் வரை மின்சாரம் இழுக்கலாம். "சாட்டா" பிளக் தாங்குவதோ 54 வாட். அது ஹார்டு டிஸ்குக்கு என்று செய்த பிளக். ரைசரோடு சேர்ந்தே வருகிறது என்று அதையே மாட்டி விடுகிறார்கள். பிளக் சுடும். இளகும். கருகும். தீயும் பிடிக்கலாம்!

கண்டு பிடிப்பது கஷ்டம் அல்ல. ஒரு கார்டை மட்டும் மாட்டி ஒரு நாள் ஓட்ட வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த கார்டு. எதை மாட்டியதும் நிற்கிறதோ, அதன் ரைசரையும் வயரையும் மாற்றிப் பார்க்க வேண்டும். தனித்தனியே ஓடி, எல்லாம் சேர்ந்தால் நிற்கிறதா? மின்சாரம் கொடுக்கும் பெட்டிக்குச் சக்தி போதவில்லை.

காவல் நாய்

இந்தப் பொறுமை இல்லாதவர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். எந்திரம் நின்றால், தானாகவே மறுபடி ஓட வைக்கும் ஏற்பாடு! "வாட்ச்டாக்" என்று பெயர். காவல் நாய் என்று அர்த்தம். குரைக்க வேண்டிய நாய், திருடனுக்குக் கதவைத் திறந்து விடுகிறது.

ஆள் இல்லாத இடத்தில் அது உதவும் என்பார்கள். உதவும்தான், குறை இல்லாத எந்திரத்துக்கு! இங்கே இரவில் பத்துத் தடவை நின்றாலும் வீட்டுக்காரருக்குத் தெரியாது. காலையில் பார்த்தால் ஓடிக் கொண்டிருக்கும். உள்ளே பிளக் கருகிக் கொண்டிருக்கும். அடுத்த அறையில் குழந்தைகள் தூங்குவார்கள்.

நின்ற எந்திரம் காலை வரை நின்றே கிடக்கட்டும். விடிந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து விட்டு, ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, நிறம் மாறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.