செவியின் தீர்ப்பும் கருவியின் கணிப்பும்

வள்ளுவர் கேள்விக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அவர் கருதியது அறிவுடையார் சொல் கேட்கும் செவியை. இன்றைய ஒலிப்பொறியியலாரோ, ஓசை எத்திசையில் எழுகிறது, எவ்வளவு விரிகிறது, கேட்பவரை எங்ஙனம் சூழ்கிறது என உணரும் செவியை ஆராய்கின்றனர்.

சூழொலிக்கு முன்னே மூன்று, பின்பக்கவாட்டில் இரண்டு என ஐந்து ஒலிபெருக்கிகள் வேண்டும். தாழ்ந்த ஓசைக்கு மற்றொன்று. முன்னுள்ள இடமும் வலமும் நடுவிலிருந்து 30 பாகையிலும், பின்னிரண்டும் 100 முதல் 120 பாகைக்குள்ளும் நிற்க வேண்டுமென்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் நெறி. இல்லங்களிலோ ஒன்று அலமாரியின் மேலிருக்கும். மற்றொன்று நாற்காலிக்குப் பின்னே கிடக்கும்! ஒலிபரப்புக்காகச் சுருக்கும்போதும் தரம் குன்றும். எவ்வளவு குன்றிற்று என அறிய, ஒவ்வொரு முறையும் பலரை அமர்த்தி மதிப்பெண் பெறுதல் நாளையும் பொருளையும் விழுங்கும்.

ஆகவே இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர், பி.பி.சி., பேங் அண்டு ஓலுஃப்சன் ஆகியவற்றுடன் இணைந்து 'குவெஸ்ட்ரல்' என்னும் செயற்கைச் செவியை உருவாக்கினர். 2008இல் அதுபற்றிய கட்டுரைகள் வெளிவந்தன. இரு காதுகளையும் அடையும் ஒலிகள் மிக ஒத்திருப்பின் ஓசை ஒடுங்கித் தோன்றும். வேறுபடின் விரிந்து சூழும். இத்தகைய அளவைகளை மாந்தர் இட்ட மதிப்பெண்களோடு பொருத்தி, புதிய பதிவுக்குரிய மதிப்பெண்ணைக் கணிப்பதே அதன் வழி.

முயற்சி போற்றத்தக்கதே. ஆயின், எந்த மாந்தர் இட்ட மதிப்பெண் என்பதே எம் வினா. அதே பல்கலைக்கழகத்தார் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பயின்ற செவியர் முன்புற ஒலிகளின் இடத்துல்லியத்தையும் கணக்கிற்கொண்டு தரம் கண்டனர். பயிலாதவரின் விருப்பத்தில் அத்துல்லியம் பொருட்படவில்லை. தம்மைச் சூழும் ஒலியே பொருட்பட்டது. பயின்றவர் தீர்ப்பு நாளுக்கு நாள் மாறாது. ஆதலின் ஆய்வுக்கு ஏற்றது என்பர். உண்மைதான். எனினும் இசைத்தட்டை விலைகொடுத்து வாங்குவோர் பெரும்பாலும் பயிலாதவரன்றோ? பயின்றவர் செவியை மட்டும் கற்ற கருவியை நம்பிப் பின்னொலியைச் சுருக்கும் நிலையம், இல்லத்தார் விரும்புவதையே பறித்துவிடும்.

சொல்லும் இங்கே இடர் செய்கிறது. தமிழாசிரியர்க்கு இது விளங்கும். 'அகலம் எவ்வளவு?' என வினவினால், வயலினின் அகலமா, இசைக்குழுவின் அகலமா, அரங்கின் அகலமா? பிரான்சிஸ் ரம்சே 2002இலேயே இவற்றைப் பிரித்துக் காட்டினார். பிரிக்காமல் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு எத்துணை நுட்பமாகக் கணக்கிட்டும் பயனில்லை.

கணிப்புக் கருவி தரும் ஒற்றை எண்ணை யாம் ஏற்பதற்கில்லை. பயின்றோர்க்கு ஒன்றும் பயிலாதோர்க்கு ஒன்றுமாக இரண்டு எண்கள் தரட்டும். எவர் செவியைக் கொண்டு கணித்தது என்பதையும் அருகே பொறிக்கட்டும்.