அப்பா பெயர் லோக்கலா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் மூன்று பெயர்களை அனுப்பி, "டீச்சர், இதில் எது நல்லா இருக்கு?" என்று கேட்டான். மரச்செக்கு எண்ணெயைப் பாட்டிலில் அடைத்து வெளியூருக்கு விற்கக் கம்பெனி தொடங்குகிறான். சந்தோஷம். ஆனால் அந்த மூன்றும் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. ஒன்றில் இரண்டு 'ஏ', இன்னொன்றில் இரண்டு 'இசட்'. கூட்டுத்தொகை 5 வர வேண்டும் என்று எண்கணித ஜோசியர் சொன்னாராம். வாய்விட்டுப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக வந்தது.

அவன் அப்பாவின் செக்குக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. அவர் பெயரைச் சொன்னால் ஊரில் எந்தக் குழந்தையும் வழி காட்டும். என் வீட்டு நல்லெண்ணெயும் அங்கிருந்துதான் வந்தது. "அப்பா பெயரையே வையேண்டா" என்றேன். "அது லோக்கலா இருக்கு டீச்சர். உலக அளவில் போகணும்" என்றான். அவர் போய் இரண்டு வருஷம்தான் ஆகிறது. எனக்குச் சுருக்கென்றது.

உலக அளவா? சரி, உலகத்தையே பார்ப்போம்.

இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறதே ஹூண்டாய், கொரிய மொழியில் அதற்கு 'நவீனம்' என்று பொருள். சாம்சங் என்றால் 'மூன்று நட்சத்திரங்கள்'. 1938இல் தொடங்கியபோது அது கருவாடும் காய்கறியும் அனுப்பிய வியாபாரம். உன் எண்ணெயைவிட உசத்தியான சரக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் தங்கள் சொல்லை மாற்றவில்லை. நாம்தான் வாயை வளைத்துப் பழகிக்கொண்டோம்.

ஜப்பானின் கேனன் 1934இல் தன் முதல் மாதிரி கேமராவுக்கு வைத்த பெயர் 'க்வானன்'. பௌத்தர்கள் வணங்கும் கருணைத் தெய்வத்தின் பெயர் அது. பிறகு சொல்ல எளிதாக 'கேனன்' ஆக்கினார்கள். உருவம் மாறியது, வேர் அப்படியே இருக்கிறது.

நம் ஊருக்கே வா. கெவின்கேர் பெயரில் இருப்பது 'கவின்', அழகு என்று பொருள்படும் தமிழ்ச்சொல். ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் 'சி', 'கே' இரண்டும் நிறுவனரின் அப்பா சின்னி கிருஷ்ணனின் முதலெழுத்துகள். சிக் ஷாம்பு பெயரும் அவரிடமிருந்து வந்ததுதான். அப்பா பெயரை வைத்ததால் அந்த ஷாம்பு விற்காமல் போய்விட்டதா?

ஆறாம் வகுப்பில் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? மேலே சொன்னவை காரணப்பெயர்கள். இடுகுறியும் தப்பில்லை. 'கோடக்' என்ற சொல்லுக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் தனக்குப் பிடித்த 'கே' எழுத்தை முன்னும் பின்னும் வைத்து உருவாக்கி, 1888இல் பதிவு செய்தார். சின்னதாக இருக்க வேண்டும், யாரும் தப்பாகச் சொல்லக்கூடாது, வேறெதையும் நினைவூட்டக்கூடாது என்று யோசித்தார். உன் இரட்டை 'இசட்'டுக்குப் பின்னால் என்ன யோசனை இருக்கிறது? பக்கத்துக் கடைக்காரனும் அதே ஜோசியரிடம்தான் போகிறான்.

"பொதுச்சொல்லை வைத்தால் டிரேட்மார்க் கிடைக்காது" என்று சிலர் வருவீர்கள். பாதி நிஜம். எண்ணெய்க்குச் 'சுத்த எண்ணெய்' என்று சரக்கை விவரிக்கும் பெயரைப் பதிவு செய்வது கஷ்டம்தான். ஆனால் கவின் என்பது ஷாம்புவின் பெயரா என்ன? நட்சத்திரம் என்பது டிவியின் பெயரா? தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. தேடத்தான் சோம்பல்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இதில் எனக்கும் பங்குண்டு. தமிழில் யோசித்துப் பதில் சொன்ன பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, ஆங்கிலத்தில் ஒப்பித்த பிள்ளைக்குக் கைதட்டச் சொன்னவள் நான்தான். நம்முடையது என்றால் மட்டம் என்ற நினைப்பு அந்தக் கைதட்டலிலும் வளர்ந்திருக்கும்.

அதனால்தான் இப்போதாவது சொல்கிறேன். நாளைக்கு உன் மகள், "அப்பா, நம்ம கம்பெனிக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்பாள். ஜோசியரின் கூட்டல் கணக்கைச் சொல்வாயா? மழையிலும் செக்கை நிறுத்தாத தாத்தாவைப் பற்றிச் சொல்வாயா?

திட்டுவதானால் கீழே திட்டுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல் திட்டுங்கள்.