தாமல் ஸ்டாப்பிங்கில் நிற்குமா?



கவிதை வருகிறவர்கள் இந்த மலரில் கவிதை எழுதியிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது பஸ்தான். தாமலில் ஏறி, பாலுசெட்டிசத்திரம், வெள்ளைகேட் வழியாகக் காஞ்சிபுரம் போய் இறங்குகிற எங்களைப் போன்றவர்களுக்கு மூன்று வருட டிப்ளமோவில் பாதி ஸ்டாப்பிங்கிலேயே கழிந்துவிடுகிறது! ஆகவே பஸ்ஸைப் பற்றியே எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். நமக்கு வேலை கிடைப்பதும் கிடைத்த வேலை நிலைப்பதும் இதில்தான் இருக்கிறது.

கேம்பஸ் இண்டர்வியூவில் டெக்னிக்கல் கேள்வியெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி வரும். "எந்த ஊர் தம்பி? நம்ம கம்பெனி பஸ் அந்தப் பக்கம் வருமா? இல்லேன்னா ரூம் எடுத்துத் தங்குவியா?" இதற்கு 'தங்குவேன் சார்' என்று பையன்கள் சொல்லிவிடுவார்கள். கூடப் படிக்கிற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்பார்கள். அப்பா என்ன சொல்வார் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே! செகண்ட் ஷிப்ட் முடிந்து இரவு பதினோரு மணிக்கு மேல் பெண் பிள்ளை எப்படித் தாமலுக்கு வந்து சேரும் என்பார். அவர் கேட்பதில் தப்பு இருக்கிறதா?

நம் ஊர்ப் பக்கம் ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தப் பிரச்சினையே இல்லை. காஞ்சிபுரம் பட்டு என்று உலகமெல்லாம் பேர் வாங்கிய தொழில் வீட்டுக்குள் குழித்தறியில் நடந்த தொழில். தறியில் உட்காருகிறவருக்கு ஷிப்டும் கிடையாது, பஸ்ஸும் தேவையில்லை. பாவும் ஊடையும் வாங்கி வரவும், நெய்த புடவையைச் சங்கத்திலோ முதலாளியிடமோ கொடுக்கவும் மட்டும் டவுனுக்குப் போனால் போதும். அந்தத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான் இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என்று போகிறார்கள். 1998-ல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது முதல் இந்தப் பக்கம் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலை வந்துகொண்டே இருக்கிறது. தொழில் மாறிவிட்டது. ஆனால் பஸ் ஓடுகிற முறை மட்டும், புடவை கொடுக்க டவுனுக்குப் போய்வந்த காலத்தோடு நின்றுவிட்டது.

இதற்கிடையில் சென்னை நம்மைத் தேடி வந்துவிட்டது! சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். காஞ்சிபுரமும் அதற்குள் அடக்கம். பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை சுமார் 53 கிலோமீட்டருக்கு மெட்ரோ, அதில் முதல் கட்டம் சுங்குவார்சத்திரம் வரை என்று 2025-ல் கொள்கை அளவில் ஒப்புதல் ஆனது. (பரந்தூர் விமான நிலையத்துக்காக நிலம் கேட்டபோது ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் நடத்தி வரும் போராட்டம் தனிக் கட்டுரைக்கு உரியது. அதை இங்கே இரண்டு வரியில் எழுதினால் அவர்களுக்கு அநியாயம்.) அதே 2025-ன் தமிழக பட்ஜெட்டில் இன்னொன்றும் வந்தது. சென்னை – காஞ்சிபுரம் – வேலூர், 140 கிலோமீட்டர், மித அதிவேக ரயில். டெல்லி – மீரட் பாதையில் 2023 அக்டோபரில் ஓடத் தொடங்கியதே, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில், அந்த மாதிரி. முதலில் சாத்தியக்கூறு ஆய்வு செய்வதாக அறிவிப்பு.

சந்தோஷம்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படி ஒரு ரயில் கட்டினால் சைட்டில் வேலைக்கு முதலில் ஓடுகிறவர்கள் நம் அமைப்பியல் துறைக்காரர்களாகத்தான் இருப்பார்கள்! ஆனால் ஒரு விஷயம் யோசித்தீர்களா? இந்தக் கோடுகள் எல்லாமே சென்னையை நோக்கி இழுத்த கோடுகள். நம்மில் எத்தனை பேர் தினமும் சென்னைக்குப் போகிறோம்? வேலைக்குப் போகிற பையன் தாமலில் ஏறி, காஞ்சிபுரத்தில் மாறி, வாலாஜாபாத் வழியாக ஒரகடம் போகிறான். இன்னொருவன் சுங்குவார்சத்திரம். இன்னொருத்தி அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குப் படிக்க வருகிறாள். எல்லாம் குறுக்கே போகிற பயணம். அதிலும் நடுவில் ஒரு இடத்திலாவது மாறியாக வேண்டிய பயணம்.

அந்த மாறுகிற இடம்தான் விஷயம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், நாம் கணக்குப் படித்தவர்கள்தானே! முதல் பஸ் மணிக்கு ஒன்று, மாறி ஏறுகிற பஸ் அரை மணிக்கு ஒன்று என்று வைத்துக் கொள்ளுங்கள். எப்போது வரும் என்று தெரியாமல் போய் நின்றால் சராசரியாக இடைவெளியில் பாதி காத்திருக்க வேண்டும். ஆக முப்பதும் பதினைந்தும் நாற்பத்தைந்து நிமிடம். இதே இரண்டு பஸ்ஸும் சொன்ன நேரத்துக்கு வந்து, முதல் பஸ் வந்து ஐந்து நிமிடத்தில் அடுத்தது கிளம்பும்படி வைத்தால்? நாம் ஐந்து நிமிடம் முன்னால் ஸ்டாப்பிங்குக்குப் போனால் போதும். மொத்தம் பத்து நிமிடம். ஒரு வழிக்கு முப்பத்தைந்து நிமிடம் மிச்சம், போக வர எழுபது. மாதம் 25 நாள் வேலை என்றால் 29 மணி நேரம்! பஸ் ஒன்றுகூட அதிகமாக விடவில்லை. தண்டவாளம் ஒரு அடி போடவில்லை. ஒரு அட்டவணையை உட்கார்ந்து ஒழுங்காக எழுதியதற்கே இது. காஞ்சிபுரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே 160 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் விட்டால்கூட இவ்வளவு நேரம் மிச்சமாகுமா என்பது சந்தேகமே.

இது என் சொந்தக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தில் 1982 முதல் நாடு முழுக்க ரயிலை ஒரே ஒழுங்கில், மணிக்கு மணி அதே நிமிடத்தில் வருகிற மாதிரி ஓட்டுகிறார்கள். மலைக்கிராமத்துக்குப் போகிற மஞ்சள் நிறப் போஸ்ட் பஸ் அந்த ரயிலைப் பார்த்துத்தான் கிளம்பும். 1987-ல் 'ரயில் 2000' என்ற திட்டத்துக்கு அந்த நாட்டு மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புதல் கொடுத்தார்கள். அதில் முதலில் எழுதியது நேர அட்டவணை. எந்த ஊருக்கு எத்தனை நிமிடத்தில் போனால் அடுத்த வண்டியைப் பிடிக்கலாம் என்று முடிவு செய்துவிட்டு, அந்த நிமிடம் குறைகிற இடத்தில் மட்டும் புதுப்பாதை போட்டார்கள். பெர்னுக்கும் சூரிச்சுக்கும் நடுவே 2004-ல் திறந்த புதுப்பாதை, பயணத்தை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரப் போட்டது. அதற்கு மேல் வேகம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

நம்ம பக்கம் எப்படி நடக்கிறது? கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை 2023 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். அழகான கட்டடம், யாரும் மறுக்க முடியாது. எதிரிலேயே தாம்பரம் – செங்கல்பட்டு ரயில் பாதை ஓடுகிறது. ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை! ராத்திரி நேரத்தில் மூட்டை முடிச்சோடு இறங்கியவர்கள் பட்ட பாடு பேப்பரில் எல்லாம் வந்தது. இத்தனைக்கும் எல்லா வண்டிகளையும் ஒன்றாகத் திட்டமிட ஒரு சட்டம் 2010-லேயே போட்டாயிற்று. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக 'கும்டா', அதற்காகவே உண்டானது. முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்ததோ 2022 நவம்பரில்! பன்னிரண்டு வருடம். நாலு பேட்ச் டிப்ளமோ முடித்து வெளியே போயிருக்கும்.

கும்டா தூங்குகிறது என்றும் சொல்ல மாட்டேன். 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' ஆப் வந்தது. மாநகர பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். நல்ல வேலை. அதே வேலை நம் காஞ்சிபுரம் மண்டல பஸ்ஸுக்கும், அரக்கோணம் – செங்கல்பட்டு ரயிலுக்கும் வரவேண்டும் என்பதே என் ஆதங்கம். அந்த ரயில் பாதை வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நம்மிடம் இருக்கிறது. திருமால்பூர், காஞ்சிபுரம், வாலாஜாபாத், பாலூர் என்று நமக்கு வேண்டிய குறுக்குவழியே போகிறது. 2019-ல் சென்னை கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம் என்று வட்டமடிக்கிற ரயில்கூட விட்டார்கள். ஒரு முழு வட்டம் யார் சுற்றப் போகிறார்கள்? நமக்கு வேண்டியது வட்டத்தில் ஒரு துண்டு, ஷிப்ட் நேரத்துக்கு, தினமும். தாம்பரம் வெறும் கிராமமாக இருந்த 1931-ல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அடிக்கடி வண்டி வந்ததால்தான் அந்தப் பாதை நெடுக ஊர்கள் முளைத்தன.

கம்பெனிகள் தங்கள் பிரச்சினையைத் தாங்களே தீர்த்துக் கொண்டுவிட்டன. விடியற்காலை நாலரை மணிக்கு ஹைவேயில் நின்று பாருங்கள். கண்ணாடியில் கம்பெனி பேர் ஒட்டிய கான்டிராக்ட் பஸ்கள் வரிசையாகப் போகும். பாதி சீட் காலியாக இருந்தாலும் பக்கத்துக் கம்பெனி ஆளை ஏற்ற மாட்டான். அவனுக்கு அடுத்த பஸ் பின்னாலேயே வருகிறது, அதுவும் பாதி காலி! இன்னொரு வழி ஹாஸ்டல். 2021 டிசம்பரில் சாப்பாடு கெட்டுப்போய்ப் பெண் தொழிலாளர்கள் நடுரோட்டில் உட்கார்ந்த பிறகு தங்குமிடம் பற்றிப் பேச்சு வந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம்-வடகாலில் 18,720 பேர் தங்குகிற விடுதி திறந்தார்கள். தூரத்து மாவட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். தாமல் பெண்ணுக்கு எதற்கு? பஸ் இருந்தால் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போய்வருவாளே! மூன்றாவது வழி பைக். நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டி வருவது எப்படி முடிகிறது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு போட்டோவுக்கு மாலை தொங்குகிறது.

'போக்குவரத்துக் கழகமே நஷ்டத்தில் ஓடுது, இதுல ஷிப்ட் பஸ் வேறயா?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கம்பெனிகள் இப்போதே கான்டிராக்ட் பஸ்ஸுக்குப் பணம் கொடுத்துக் கொண்டுதானே இருக்கின்றன? பிரான்ஸில் 1971 முதல் முதலாளிகளிடம் சம்பளக் கணக்கில் ஒரு பங்கு வசூல் செய்து பொதுப் போக்குவரத்துக்குக் கொடுக்கிறார்கள். பாரிஸில் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் போனது. சிப்காட்டில் அப்படி ஒரு பொது நிதி வைத்து, அதில் கழக பஸ் ஓட்டினால், அந்தப் பஸ் எல்லாக் கம்பெனி வாசலிலும் நிற்கும், வழியில் எல்லா ஊரிலும் நிற்கும், படிக்கிற நாமும் ஏறலாம். 2021 மே முதல் பெண்களுக்கு இலவசம் என்றார்களே, அது சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும். ஹைவேயில் பறக்கிற வேலூர் வண்டியில் செல்லாது. ஷிப்ட் பஸ்ஸை டவுன் பஸ்ஸாகவே விட்டால் அந்தச் சலுகை நம் பெண்களுக்கு உண்மையிலேயே பயன்படும்.

இன்னொரு சின்ன விஷயம், நம் துறை சம்பந்தப்பட்டது. ஆறுவழிச் சாலை, மேம்பாலம் என்று வேலை நடக்கும்போது பஸ் எங்கே நிற்கும் என்பதையும் சேர்த்து வரைய வேண்டும். மேம்பாலம் வந்த ஊர்களில் எல்லாம் டிரைவர் மேலேயே போய்விடுகிறார், ஜனம் கீழே சர்வீஸ் ரோட்டில் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. டிராயிங்கில் ஒரு பஸ் பே போட எவ்வளவு நேரமாகும்? நாளைக்கு அந்த டிராயிங் போடப் போகிறவர்கள் நாம்தான்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? மனு கொடுப்பதற்கு முன்னால் கணக்கு வேண்டும். டிராபிக் சர்வே லேபில் செய்து மார்க் வாங்கியிருக்கிறோமே, அதை ஒரு வாரம் உருப்படியாகச் செய்வோம். தாமல், பாலுசெட்டிசத்திரம், வெள்ளைகேட், காஞ்சிபுரம் பேருந்து நிலையம், ரயில் நிலையம், வாலாஜாபாத். இடத்துக்கு இரண்டு பேர், காலை நாலு முதல் எட்டு, இரவு ஒன்பது முதல் பன்னிரண்டு. எத்தனை கம்பெனி பஸ், எத்தனை சீட் காலி, எத்தனை அரசு பஸ், அதில் எத்தனை நின்றது, எத்தனை பேர் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள். இரவு நேரத்துக்குப் பையன்கள், பேருந்து நிலையத்துக்குப் பெண்கள். அதைக் கழகத்தின் காஞ்சிபுரம் அலுவலகத்துக்கு ஒரு காப்பி, கலெக்டர் ஆபீசுக்கு ஒரு காப்பி, கும்டாவுக்கு ஒரு காப்பி கொடுப்போம். டேலி ஷீட் அடித்துச் சங்க அறையில் வைத்திருக்கிறேன். பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் செமஸ்டர் லீவுக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். நாலு மணி பேட்ச்சுக்கு இன்னும் ஆறு பேர் குறைகிறது.

— மூன்றாம் ஆண்டு அமைப்பியல், தாமல்