எல்லை தாண்டினால் விளக்கையும் திருத்த வேண்டும்

பருவ விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எங்கள் பல்கலைக்கழக விடுதியில் ஒரு பேச்சு கிளம்பும். இந்த முறை மோட்டார் சைக்கிளில் எவ்வளவு தூரம் போகலாம்? சிலர் ஹாட்யாயுடன் நிறுத்திக்கொள்வார்கள். சிலர் பேங்காக்கைத் தாண்டி லாவோஸ் வரை திட்டம் போடுவார்கள். கடப்பிதழ், வாகனப் பதிவு அட்டை, எல்லையில் வாங்க வேண்டிய காப்புறுதி, டயர், செயின், மழைச்சட்டை என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் முகப்பு விளக்கு இருந்து நான் பார்த்ததில்லை.

விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அது எந்தப் பக்கம் எரிகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஆசியான் வட்டாரத்தில் எல்லை தாண்டி வாகனம் ஓட்டுவது எளிதாகிக்கொண்டு வரும் இக்காலத்தில், நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஆறு நாடுகள் இடப்பக்கம், ஐந்து நாடுகள் வலப்பக்கம்

தீமோர் லெஸ்தே 2025ஆம் ஆண்டு அக்டோபரில் இணைந்ததையடுத்து ஆசியானில் இப்போது 11 நாடுகள் உள்ளன. இவற்றுள் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து, தீமோர் லெஸ்தே ஆகிய ஆறில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்கின்றன. வியட்நாம், லாவோஸ், கம்போடியா, மியன்மார், பிலிப்பீன்ஸ் ஆகிய ஐந்தில் வலப்பக்கம் செல்கின்றன.

இந்தப் பிரிவுக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. மலாயாவையும் சிங்கப்பூரையும் ஆண்ட பிரிட்டன் இடப்பக்க வழக்கத்தை விட்டுச்சென்றது. இந்தோசீனாவை ஆண்ட பிரான்ஸ் வலப்பக்க வழக்கத்தை விட்டுச்சென்றது. பிரிட்டனின் ஆட்சியில் இருந்த பர்மா, 1970ஆம் ஆண்டு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்திற்கு மாறியது. காலனி ஆட்சிகள் முடிந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அவை வகுத்த கோடு இன்னும் நம் சாலைகளில் இருக்கிறது.

மலேசியாவிலிருந்து வடக்கே செல்பவர், புக்கிட் காயு ஹீத்தாமைக் கடந்து தாய்லாந்தில் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினாலும் இடப்பக்கத்திலேயே இருப்பார். நோங் காய் நகரை அடைந்து, மீக்கோங் ஆற்றின் மீது 1994ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தாய்லாந்து - லாவோஸ் நட்புறவுப் பாலத்தில் ஏறும்போதும் இடப்பக்கம்தான். பாலத்தைக் கடந்து லாவோஸ் பக்கம் இறங்கியதும், போக்குவரத்து விளக்கு உள்ள ஒரு சந்திப்பில் வாகனங்கள் வலப்பக்கத்திற்கு மாறுகின்றன. ஓட்டுநர் மாறிவிடுவார். வாகனத்தின் விளக்கு மாறாது.

விளக்குக்கு இடம் வலம் உண்டா?

உண்டு. இரவில் எதிரே வாகனம் வரும்போது நாம் போடும் லோ பீம், எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும்படி அமைக்கப்படுவதில்லை. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் எதிர்வாகனம் நமக்கு வலப்புறம் வருகிறது. ஆகவே வலப்புறத்தில் ஒளி தாழ்த்தி வெட்டப்பட்டிருக்கும். இடப்புறச் சாலையோரத்தில் நடப்பவரும் சைக்கிளில் செல்பவரும் தெரிய வேண்டும் என்பதற்காக, அந்தப் பக்கம் ஒளி சற்று மேலெழும். பல விளக்குகளில் இந்த எழுச்சி சுமார் 15 பாகை சாய்வில் இருக்கும்.

இதே விளக்குடன் லாவோஸ் சாலையில் வலப்பக்கம் ஓட்டினால் என்ன ஆகும்? எதிர்வாகனம் இப்போது நமக்கு இடப்புறம் வருகிறது. மேலெழும் ஒளி நேராக அவர் கண்ணில் விழுகிறது. நாம் பார்க்க வேண்டிய வலப்புறச் சாலையோரமோ இருட்டாகிவிடுகிறது. ஒரே விளக்கால் இரண்டு ஆபத்து.

கண்ணில் பட்ட வெளிச்சத்திலிருந்து பார்வை மீளச் சில விநாடிகள் தேவை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் மூன்று விநாடிகளில் 50 மீட்டர் கடந்துவிடுவார். தெருவிளக்கு இல்லாத இருவழிச் சாலையில், சிறிய மோட்டாரில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும் ஒருவர் அந்த 50 மீட்டரைப் பார்வையின்றிக் கடக்கிறார். அவரைக் கடந்து போய்விட்ட நமக்கு அது தெரியவே தெரியாது.

எல்லா மோட்டாருக்கும் இச்சிக்கல் உண்டா?

இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் ஓடும் கப்சாய் உள்ளிட்ட பல சிறிய மோட்டார்களின் லோ பீம், இரு பக்கமும் சமமாக, மேல்விளிம்பு நேர்க்கோடாக விழும் வகையைச் சேர்ந்தது. அவற்றை எந்தப் பக்கம் ஓட்டினாலும் வேறுபாடில்லை. பெரிய மோட்டார்கள் சிலவற்றில்தான் ஒரு பக்கம் மேலெழும் ஒளி இருக்கிறது.

உங்களுடையது எந்த வகை என்று அறிய ஒரு சுவர் போதும். இருட்டிய பிறகு, சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி மோட்டாரை நிமிர்த்தி நிறுத்தி லோ பீமைப் போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு நேர்க்கோடாக இருந்தால் கவலையில்லை. இடப்பக்கம் மட்டும் மேலே ஏறினால், வலப்பக்க நாட்டுக்குச் செல்லுமுன் திருத்த வேண்டும்.

விளக்குக் கண்ணாடியில் உள்ள குறியும் உதவும். ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறைப்படி அங்கீகரிக்கப்பட்ட விளக்கில், வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அங்கீகாரம் வழங்கிய நாட்டை அந்த எண் குறிக்கும். மலேசியாவுக்கு 52, தாய்லாந்துக்கு 53. அருகில் ஒற்றை அம்புக்குறி இருந்தால், அது இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு மட்டுமான விளக்கு. இரு முனை அம்பு இருந்தால் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். அம்பு இல்லையென்றால், அது வலப்பக்க நாட்டுக்கானதாகவோ சமஒளி விளக்காகவோ இருக்கலாம். அப்போது சுவர்ச் சோதனையே முடிவு சொல்லும்.

திருத்தும் முறை

இரு முனை அம்பு உள்ள விளக்கென்றால் வாகனக் கையேட்டில் வழி இருக்கும். மற்ற விளக்குகளில், மேலெழும் ஒளியை மறைப்பதே எளிய வழி. ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றொருவர் விளக்கின் முன் விரலை மெதுவாக நகர்த்தினால், எந்த இடத்தை மறைத்தால் அந்த எழுச்சி மறைகிறது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் ஒளி ஊடுருவாத ஒட்டுத்தாளை அளவாக வெட்டி ஒட்டலாம். ஹாலோஜன் விளக்கு சூடாகும் என்பதால், சிறிது நேரம் எரியவிட்டு ஒட்டு தாங்குகிறதா என்று பார்ப்பது நல்லது. மறைக்க இடம் பிடிபடாவிட்டால், விளக்கைச் சற்றுத் தாழ்த்தி, இரவில் வேகத்தைக் குறைக்கலாம். இடப்பக்க நாட்டுக்குத் திரும்பியதும் ஒட்டை எடுத்துவிட வேண்டும்.

பக்கத்தை விட உயரம் இன்னும் முக்கியம். பயணம் என்றாலே பின்னால் பெட்டி இருக்கும், ஒருவர் அமர்ந்திருப்பார். பின்பகுதி தாழ்ந்தால் முன்விளக்கு மேலே பார்க்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரு சக்கரங்களுக்கு இடையே 120 சென்டிமீட்டர் உள்ள ஒரு மோட்டாரின் பின்பக்கம், முன்பக்கத்தை விட மூன்று சென்டிமீட்டர் கூடுதலாகத் தாழ்ந்தால், 10 மீட்டர் தொலைவில் ஒளி 25 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். லோ பீம் அந்தத் தொலைவில் விளக்கின் உயரத்தை விட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழ வேண்டியது. ஆக, தாழ வேண்டிய ஒளி 15 சென்டிமீட்டர் உயரே போய்விடுகிறது. எனவே சுமையை ஏற்றி, ஆளும் அமர்ந்த பிறகே சுவர்ச் சோதனை செய்ய வேண்டும். உயரத்தைத் திருத்தும் திருகாணி பெரும்பாலும் விளக்கின் அடியிலோ பின்னாலோ இருக்கும். மெக்கானிக்கிடம் கேட்டால் சில நிமிடங்களில் முடியும் வேலை.

இதற்கு லாவோஸ் போகத் தேவையில்லை. பெருநாள் காலத்தில் இருவராகப் பையுடன் கம்பத்துக்குப் போகும் ஒவ்வொரு மோட்டாருக்கும் இது பொருந்தும். ஹாலோஜன் பல்புக்காகச் செய்யப்பட்ட ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பைப் பொருத்துவதும் ஒளியைச் சிதறடித்து எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும்.

யார் பொறுப்பு?

மலேசியாவில் 1992ஆம் ஆண்டிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கைப் போட்டுச் செல்ல வேண்டும். சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டிலிருந்து அதே விதி. மற்றவர் நம்மைப் பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம் நாட்டில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுதோறும் 6,000க்கும் மேற்பட்டோர் சாலையில் உயிரிழக்கின்றனர். அவர்களில் பாதிக்கும் மேலானோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். விளக்கின் அருமை நமக்குத் தெரியாதது அல்ல.

ஆனால் எல்லை என்று வந்ததும் பொறுப்பு எங்கோ நழுவிவிடுகிறது. ஆசியான் நாடுகள் ஒன்று மற்றொன்றின் ஓட்டுநர் உரிமத்தை ஏற்பதற்கான ஒப்பந்தம் 1985ஆம் ஆண்டே கோலாலம்பூரில் கையெழுத்தானது. உரிமம் எல்லை தாண்டுவதற்கு வழி பிறந்துவிட்டது. அந்த உரிமத்தைப் பெற நாம் படித்ததோ இடப்பக்கச் சாலை விதிகளை மட்டும்தான். 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம், லோ பீம் குறைந்தது 40 மீட்டருக்கு வெளிச்சம் தர வேண்டும், பிறர் கண்ணைக் கூச வைக்கக்கூடாது என்கிறது. விதி இருக்கிறது. அதை ஓட்டுநரிடம் கொண்டுசேர்க்கத்தான் ஆளில்லை.

பிரிட்டனைப் பாருங்கள். அங்கிருந்து பிரான்சுக்கு வாகனத்தோடு செல்வது அன்றாட நிகழ்வு என்பதால், விளக்கைத் திருத்திக்கொள்ளும்படி அரசாங்கமே பயணிகளுக்கு அறிவுறுத்துகிறது. விளக்கில் ஒட்டும் ஒட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. சுவீடன் 1967ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்திற்கு மாறியபோது, வாகனங்களின் முகப்பு விளக்குகளையும் மாற்ற வேண்டியிருந்தது. பக்கம் மாறினால் விளக்கும் மாற வேண்டும் என்பதை அந்த நாடுகள் திட்டத்திலேயே சேர்த்துக்கொண்டன.

நம் வட்டாரத்திலும் இதற்குப் பெரிய செலவு ஆகாது. எல்லையில் காப்புறுதி விற்கும் முகப்புகளில் ஓர் அறிவிப்புப் பலகை வைக்கலாம். ஓட்டுநர் பயிற்சிப் பாடத்தில் ஒரு பக்கம் சேர்க்கலாம். பயணக் குழுவை வழிநடத்துபவர்கள் புறப்படும் முதல்நாள் மாலையில் சுவர்ச் சோதனையைக் கட்டாயமாக்கலாம். இந்த வட்டாரத்தில் விற்கப்படும் மோட்டார்களுக்கு இரு பக்கமும் பொருந்தும் சமஒளி விளக்கையே பொருத்துமாறு ஆசியான் நாடுகள் தயாரிப்பாளர்களைக் கேட்கலாம்.

அதுவரை பொறுப்பு ஓட்டுபவருடையது. கடப்பிதழில் முத்திரை குத்தும் அதிகாரி நம் விளக்கைப் பார்க்க மாட்டார். அதைப் பார்க்கப்போவது அன்றிரவு எதிரே வரும் மனிதர்தான். அடுத்த விடுமுறைக்குப் பட்டியல் போடும் நண்பர்கள், டயருக்கும் செயினுக்கும் கீழே இதையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.